பொங்கலூரில் கெட்ட பாக் பீரும் ராயபுரத்தில் கெடாத பாக் பீரும்

திருப்பூருக்கு பனியன் வாங்கப் போவார்கள், வேலை தேடிப் போவார்கள். கடந்த ஜூலையில் நான் போனது நான்கு பீர் பாட்டில்களுக்குத் தீர்ப்புச் சொல்ல.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூரில் ஒரு பீர் ஆலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சுவைத்துப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் எதையும் நம்பாத குணம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஹோட்டலில் காபி வந்தாலும் முதலில் முகர்ந்துதான் பார்ப்பேன்.

இந்தப் பதிவுகளைப் படிக்கும் நித்யா என்ற பெண் எழுதியிருந்தார். பொங்கலூர் பக்கம் அவருடைய அப்பா வேலுச்சாமிக்கு ஏற்றுமதி பனியன் கம்பெனி இருக்கிறது. அவர்களிடம் சரக்கு வாங்கும் மார்ட்டின் என்ற ஜெர்மன் பையர், ஜனவரியில் வந்தபோது பெட்டியில் நான்கு பாட்டில் பாக் பீர் கொண்டுவந்து பரிசாகக் கொடுத்திருக்கிறார். பாக் என்பது ஜெர்மனியின் கெட்டியான, கருத்த, போதை கூடிய பீர். கொடுத்தபோதே பாட்டிலில் அச்சிட்டிருந்த தேதி தாண்டிவிட்டிருந்தது. "காலாவதியானதா இல்லையா என்று நீங்கள் நேரில் வந்து சொல்ல வேண்டும். செலவு எங்களுடையது" என்று முடித்திருந்தார்.

நான்கு பாட்டிலுக்காக ஒருவரை முன்னூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வரவழைப்பார்களா? சந்தேகமாகத்தான் இருந்தது. போகிற இடத்தின் முகவரியைத் தோழிக்கு அனுப்பிவிட்டு, செலவு என்னுடையதே என்று பதில் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

காலை ஆறு மணி சுமாருக்குப் புறப்படும் பகல் ரயில் நண்பகலுக்குச் சற்று முன்பு திருப்பூரில் இறக்கிவிடும். ஏ.சி. இருக்கை அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஸ்டேஷனிலிருந்து பல்லடம் வழியாகப் பொங்கலூருக்கு வாடகைக் காரில் எழுநூறு ரூபாய். தறிச் சத்தம், கோழிப் பண்ணைகளின் நீண்ட கொட்டகைகள், பிறகு காற்றாலைகள். ஓட்டுநர் திருநெல்வேலிக்காரர்.

"கம்பெனிக்கு வேலைக்கா வந்திருக்கிய மேடம்?"

"இல்லைங்க, ஒரு சாமான் செக் பண்ணணும்."

"அப்ப ஆடிட்டா? முதலாளிமாரு மொகமே வாடிருமே!" என்று சிரித்தார்.

முகம் ஏற்கெனவே வாடித்தான் இருந்தது. வேலுச்சாமிக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. "வாங்க அம்மிணி, சாப்ட்டீங்களா?" என்று எழுந்து நின்று வரவேற்றார். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி குமரேசன். உற்பத்தி, பேக்கிங், குடோன் எல்லாம் இவர் பொறுப்பு. ஒரு பெண் பீருக்கு நீதிபதியாக வந்து நிற்பதை நம்ப முடியாமல் என்னையும் என் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

சாப்பிட்டுக்கொண்டே விஷயம் தெரிந்துகொண்டேன். மே மாதம் அனுப்பிய கறுப்பு டீ-சர்ட்டுகளில் நெஞ்சுப் பக்க ரப்பர் பிரிண்ட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உரிந்து வருகிறது என்று மார்ட்டின் சரக்கை நிராகரித்துவிட்டார். இங்கே இவர்கள் நம்பவில்லை. விலையைக் குறைக்கப் பொய் சொல்கிறான் என்பது குமரேசனின் கட்சி.

"நம்ம சரக்கைக் கொறை சொல்றவரு, காலாவதியான பீரை நம்ம தலைல கட்டிட்டுப் போயிருக்காருங்க. இதுலயே தெரியலீங்களா மச்சா, அவுரு நம்மள எப்புடி நெனைக்கறாருன்னு?"

பதினெட்டு வருடப் பழக்கத்தை முறித்துக்கொள்வதா வேண்டாமா என்று அப்பா யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நித்யா மெதுவாகச் சொன்னார். பாதி மெஷின்கள் ஓடுவதே அந்த ஒரு பையரின் ஆர்டரில்தானாம்.

மூன்று பாட்டில்கள் மேஜைக்கு வந்தன. நான்காவது, திருப்பூர் ராயபுரத்தில் உள்ள அவர்கள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். மூடி, கண்ணாடி, உள்ளே பீர் நிற்கும் மட்டம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். யாரும் திறந்து மூடியதாகத் தெரியவில்லை. ஒன்றை ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துத் திறந்தேன். பாக் பீரை ரொம்பக் குளிரவைத்தால் வாசனை உறங்கிவிடும். பானைத் தண்ணீரின் குளிர்ச்சி போதும்.

நிறம் நன்றாக இருந்தது. கரும்பழுப்பு, விளிம்பில் மட்டும் மாதுளைச் சிவப்பு. முகர்ந்தேன். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. ஒரு வாய் குடித்தேன். நாக்கில் சப்பென்ற இனிப்பு. பின்னாலேயே மறுபடியும் அட்டை. இரண்டாவது பாட்டிலும் அப்படியே.

"கெட்டுப்போச்சு" என்றேன்.

குமரேசன் மேஜையைத் தட்டினார். "நாஞ் சொன்னனுங்களே!"

எனக்கு நிம்மதி இல்லை. சாதாரண பீர் தேதி தாண்டினால் இப்படி ஆகலாம். இவ்வளவு கெட்டியான பாக், தேதி தாண்டியதால் மட்டும் இந்த அளவுக்குச் சாகாது. வெயிலோ வெக்கையோ பட்டிருக்க வேண்டும். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். லேபிளின் பசை இளகி, ஒரு பக்கம் வழுக்கி இறங்கியிருந்தது.

"இதை எங்கே வைத்திருந்தீர்கள்?"

"ஏ.சி. ரூம்லதானுங்க" என்றார் குமரேசன். கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது.

நான் வேலுச்சாமியிடம், நான்காவதையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்றேன். மூன்று பேரும் நானும் ஒரே காரில் ராயபுரம் போனோம்.

அங்கே பாட்டில் வீட்டு ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டுக்குப் பின்னால் இருந்தது. பரிசு வந்த அன்றே ஒன்றை மட்டும் தான் கொண்டுவந்து வைத்ததாக நித்யா சொன்னார். வெளியே எடுத்து வைத்து, குளிர் சற்று இறங்கும்வரை காத்திருந்து, திறந்தேன்.

அதே பேட்ச் எண், அதே தேதி. பீர் மட்டும் வேறு. பேரீச்சம்பழம், கருப்பட்டி, ரொட்டியின் கருகிய ஓரம். விழுங்கிய பிறகு நெஞ்சுக்குள் மெதுவாகப் பரவும் சூடு. இனிப்புதான், ஆனால் திகட்டவில்லை. கடைசியில் வறுத்த ராகி போல ஒரு சின்னக் கசப்பு வந்து அதைத் துடைத்துவிடுகிறது. பன்னிரண்டு வருடமாகச் சுவைக்கிறேன். இதைவிட நல்ல பாக் குடித்த நினைவில்லை.

"இது கெடலைங்க. பக்குவமா வச்சிருந்து கொடுத்திருக்கார். மற்றதெல்லாம் இங்கே வந்த பிறகு கெட்டது. சூட்டுல இருந்திருக்கு."

வேலுச்சாமி ஒரு மடக்கு குடித்துப் பார்த்தார். பிறகு மச்சினனை நிமிர்ந்து பார்த்தார். "எங்க வெச்சிருந்தீங்க மாப்ள? மெய்யச் சொல்லுங்க."

குமரேசன் தரையைப் பார்த்தார். "முருகன் படம் இருக்கற ஏ.சி. ரூமுல இத எப்புடிங்க மச்சா வெக்கறது? ஆளுக பாத்தாலும் ஒரு மாதிரி. அதான் பாய்லருக்கு ஒட்டுன ரூமுல வெச்சனுங்க."

"பாய்லர் ரூமுலயா?" வேலுச்சாமி டம்ளரைக் கீழே வைத்தார். "மே மாசத்துச் சரக்கு, லாரி வாற வரைக்கும் எங்க கெடந்துச்சு?"

எனக்கே அப்போதுதான் புரிந்தது. நித்யா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

குமரேசனின் கண் கலங்கிவிட்டது. "குடோன் நெறஞ்சு போச்சுங்க மச்சா. ரெண்டு வாரந்தானுங்க அங்க வெச்சேன். பிரிண்ட் எளகும்னு நெனைக்கலீங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வேலுச்சாமி போனை எடுத்து ஜெர்மனிக்குப் போட்டார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தப்பு எங்களுடையது, சரக்கைச் சூட்டில் வைத்துவிட்டோம், புதிதாகத் தைத்து எங்கள் செலவில் அனுப்புகிறோம் என்றார். மார்ட்டின் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? வேலுச்சாமி முதல்முறையாகச் சிரித்தார். "யுவர் பீர் டோல்டு" என்றார்.

அந்த நான்கும் தன் வீட்டு நிலவறையில் மூன்று வருடம் வைத்திருந்தவை என்று மார்ட்டின் சொன்னார். தேதி கடைக்காரனுக்காம், நண்பனுக்கு இல்லையாம்.

மறுநாள் குமரேசனே என்னை ஸ்டேஷனில் கொண்டுவிட்டார். வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, மெய்யாலுமே ருசிய வெச்சுத்தான் சொன்னீங்களா, இல்ல நித்யா புள்ள முன்னாடியே சொல்லிக் குடுத்துருச்சுங்களா?"

இல்லை என்றேன். அதுதான் உண்மை. ஆனால் ரயில் ஈரோடு தாண்டுவதற்குள் அந்தக் கேள்வி எனக்குள்ளும் புகுந்துவிட்டது. நித்யாவுக்குப் போன் செய்தேன்.

"பாய்லர் ரூம் உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியுங்க்கா. பீரும் கார்ட்டனும் அங்க கெடந்தத நாம் பாத்தேன். நாஞ் சொன்னா மாமா மேல பழி போடறேன்னு ஊட்ல பெரிய சண்டையாயிரும். அம்மா ஒடைஞ்சு போயிருவாங்க. உங்க நாக்கு சொன்னா யாரு கோவிச்சுக்க முடியும்?"

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. என்னைப் பயன்படுத்திக்கொண்டார்தான். பொய் ஒன்றும் சொல்லவில்லை. புது டீ-சர்ட்டுகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததாகவும், அடுத்த ஆர்டர் முன்பைவிடச் சிறிதாக வந்திருப்பதாகவும் போன மாதம் எழுதினார். குடோன் பொறுப்பு இப்போது அவரிடம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குச் சுத்தமான அறை கிடைக்கிறது. பொங்கலூரிலிருந்து திரும்பி வர வண்டியை முன்பே பேசிக்கொள்ளுங்கள். நல்ல பாக் பீர் கையில் கிடைத்தால் தேதியைப் பார்த்துத் தூக்கி எறியாதீர்கள். இருட்டிலும் குளிர்ச்சியிலும் வைத்தால் அது இன்னும் நன்றாகும். நம் ஊர் வெக்கையில் ஒரு கோடை போதும், கெட்டுவிடும்.

முன்பின் தெரியாத ஒருவர் சுவை பார்க்கக் கூப்பிட்டால், யாருக்கும் யாருக்கும் தகராறு என்று முதலில் கேளுங்கள். நான் பாட்டிலைத்தான் சந்தேகப்பட்டேன், அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன். அந்த நான்காவது பாட்டில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.