ஒரு விரல் பாரம்

கோடை விடுமுறைக்கு நாமக்கல்லில் என் வீட்டில் இருந்தேன். ஒருநாள் காலை முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தபோது, எருமப்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த நம் பள்ளிக்கூடத்துப் பியூன் மாரப்பன் வாசலிலேயே நின்றுகொண்டு, "ஏனுங்க சாமி, நம்ம டிரில் வாத்தியார் அர்த்தநாரி போயிட்டாருங்க. மூணே நாள் காய்ச்சல்தானுங்க" என்றான். பாதி முகம் மழித்தபடியே கிளம்பிவிட்டேன். அந்தக் கோலத்தில் என்னை அர்த்தநாரி பார்த்திருந்தால், "மறுபாதி என்னங்க குத்தம் பண்ணுச்சு?" என்று கேட்டிருப்பார். பஸ்ஸில் அதை நினைத்துக்கொண்டு அழுதேன்.

அவரோடு பதினான்கு வருஷம் வேலை பார்த்த சரித்திர வாத்தியார் நான். அவருடைய விசில் சத்தத்தையும் கஞ்சி மொடமொடக்கும் காக்கி அரைக்கால் சட்டையையும் நம் பள்ளிக்கூடத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவருடைய வலது முழங்காலைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அவர், பழைய ஹெட்மாஸ்டர், நான். அவர்கள் இருவரும் போய்விட்டார்கள். சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

ஒரு பொங்கலுக்கு வாத்தியார்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் சடுகுடு நடந்தது. நான்கு பேர் அமுக்கியும் அர்த்தநாரி கோட்டைத் தொட்டுவிட்டார். ஊன்றிய கால் மண்ணில் நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முழங்காலுக்குள் 'படக்'கென்று கேட்டதாம். பற்றுப் போட்டுக்கொண்டு கிடந்தவர் மூன்று வாரத்தில் எழுந்து வந்து விசில் ஊதினார். நாங்களும் மறந்துவிட்டோம்.

நம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த புதிது அது. பள்ளிக்கூடத்தில் மதுவிலக்குப் பிரசாரச் சங்கத்துக்கு நான்தான் காரியதரிசி. தலைகால் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தேன். காலைப் பிரார்த்தனையில் எல்லோரும் கண்ணை மூடி நிற்பார்கள். கண்ணைத் திறக்கிறவன் எவன் என்று பார்க்க நான் மட்டும் திறந்துகொண்டு நிற்பேன். அப்படித்தான் பார்த்தேன். அர்த்தநாரி முன்னும் பின்னுமாக ஆடினார். ஒரு தடவை பக்கத்து வேப்பமரத்தையே பிடித்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. கண்ணைத் திறந்ததும் சரியாகிவிட்டார். கள்ளச் சாராயம் என்று முடிவு கட்டினேன். கிட்டே போய் மோந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லை. ருசுவானால் வேலை போகும், போலீசும் வரும் என்று தெரிந்தே ஹெட்மாஸ்டருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

ஹெட்மாஸ்டர் எங்கள் இருவரையும் தம் அறைக்கு அழைத்து, கடிதத்தைப் படித்துக் காட்டினார். அர்த்தநாரி செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, இடது காலில் மட்டும் நின்று நாற்பது எண்ணினார். நட்டுவைத்த கல் மாதிரி நின்றார். வலது காலுக்கு மாறினார். கண் திறந்திருந்தவரை ஒருவாறு நின்றார். மூடியதும் மூன்று எண்ணுவதற்குள் மேஜைமேல் சாய்ந்தார். மைக்கூடு கவிழ்ந்தது.

"சாராயம் குடிச்சா ரெண்டு காலுக்குந்தானுங்க ஏறும். ஒத்தைக் காலுக்கு மட்டும் ஏறுமுங்களா?" என்றார்.

முழங்காலின் குருத்தெலும்பு கிழிந்துவிட்டதாகச் சேலத்து டாக்டர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதை அர்த்தநாரி தம் பாஷையில் எங்களுக்குச் சொன்னார்: "எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குமாமுங்க. அது கிழிஞ்சு போச்சு. கால் எங்க, எப்படி நிக்குதுன்னு முட்டி சேதி சொல்லோணும். இது ஒழுங்காச் சொல்றதில்லீங்க. அதனால கண்ணு பார்த்துச் சொல்லுது. கண்ணையும் மூடிட்டா சொல்றதுக்கு ஆளில்லீங்க."

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார்.

"முட்டி போன டிரில் வாத்தியாரை எந்த ஊர்லீங்க வேலைக்கு வெச்சுக்குவாங்க? ஊட்டுல அஞ்சு வாய் இருக்குதுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடிகாரன் இல்லை என்று காட்டுவதற்காக, வேலைக்கே லாயக்கில்லை என்று அவர் வாயாலேயே சொல்லவைத்துவிட்டேன். கூனிக் குறுகிப் போனேன். ஹெட்மாஸ்டர் மையைத் துடைத்துக்கொண்டே, "குடித்தாரா என்பதுதான் இந்தக் கடிதத்தின் கேள்வி. இல்லை என்று எழுதிவிடுகிறேன். முட்டியைப் பற்றி இதில் ஒன்றுமில்லையே" என்றார்.

அன்று சாயங்காலமே மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரவைத்து மோர் கொடுத்தார். "நீங்க பார்த்தது நெசந்தானுங்க. ஆடுனேன். ஏன் ஆடுறேன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க" என்றார். அதற்குப்பின் அந்தப் பேச்சையே அவர் எடுத்ததில்லை. நானாக இருந்தால் ஆயுசுக்கும் குத்திக் காட்டியிருப்பேன்.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் கண்ணெதிரே பிரார்த்தனை. ஆடினால் குட்டு வெளிப்பட்டுவிடும். நான் போய் அர்த்தநாரிக்கு வலப்பக்கம் நின்றேன். எல்லோரும் கண்ணை மூடியதும், என் இடது தோளில் ஒரு விரல் நுனி வந்து உட்கார்ந்தது. அவர் சாயவில்லை, அழுத்தவில்லை. பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றார்.

"சாஞ்சுக்க வேண்டாமுங்க. ஒரு விரல் தொட்டுக்கிட்டிருந்தாப் போதும், நிக்கற எடம் தெரிஞ்சுபோகுது" என்றார் பிறகு.

அன்று முதல் இந்த விடுமுறைக்கு முந்தின நாள்வரை தினமும் அப்படித்தான் நின்றோம். ஜோடி மாடு என்று நீங்கள் எங்களைக் கேலி செய்ததற்குக் காரணம் இதுதான். அதோடு விட்டவரா அவர்? பள்ளிக்கூடம் விட்டு எல்லோரும் போன பிறகு வேப்பமரத்தடியில் கண்ணை மூடி அந்த வலது காலில் நின்று பழகுவார். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள், "மூணுல இருந்து பதினெட்டுக்கு வந்துட்டேனுங்க!" என்று என்னிடம் ஓடி வந்து சொன்னார். ஓடித்தான் வந்தார். அப்படி ஒரு வைராக்கியத்தை நான் வேறு மனிதரிடம் கண்டதில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அவருக்காக எழுந்து நின்று மௌனம் காத்தோம். இந்தத் தடவை நானும் கண்ணை மூடினேன். அவர் எனக்கு விட்டுப்போனது இடது தோளில் அந்த ஒரு விரல் பாரம். அன்று தோள் அதைத் தேடியது. என் முழங்கால்கள் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் நான் ஆடிப்போனேன். உங்களில் யாராவது கண்ணைத் திறந்து அதைப் பார்த்திருந்தால், கடிதம் எழுதுவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேளுங்கள்.