கிறிஸ்துராஜின் நாக்கும் நான்கு பேட்டரிகளும்

ஒன்பது வோல்ட் பேட்டரியின் இரண்டு குமிழ்களையும் நாக்கில் வைத்து, கண்ணை மூடிக் காத்திருப்பார் கிறிஸ்துராஜ். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் செய்கிற முதல் வேலை இது. "சுருக்குன்னு இழுத்தா ஆறு மாசம் ஓடும். கிச்சுகிச்சு மூட்டுனா ஒரு மாசம். சும்மா கெடந்தா அடக்கம் பண்ணிட வேண்டியதுதான்."

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் மெயின்டனன்ஸ் மேஸ்திரி. பையில் மீட்டர் உண்டு, எடுப்பதில்லை. "அதுக்கே ஒரு பேட்டரி போடணும். அதை எவன் டெஸ்ட் பண்றது?" இடது கன்னத்துக்குள் இருபது வருடமாக ஒரு புகையிலை உருண்டை குடியிருக்கிறது. கேட்டால், தோல் நாற்றத்துக்கு மருந்து என்பார்.

அவர் தெருவில் நகராட்சித் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வரும். போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தொண்ணூற்றெட்டில், சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் விட்டுப்போய், குடும்பம் கல்யாண பிரியாணி தின்று திரும்புவதற்குள் பத்து நாள் தண்ணீரும் சாக்கடைக்குப் போய்விட்டது. மறுவாரமே சோப்பு டப்பாக்களில் நான்கு அலாரங்கள் செய்து மூலைக்கு ஒன்றாக வைத்தார். டப்பாவுக்கு வெளியே நீட்டிய இரண்டு கம்பிகளை ஈரம் தொட்டால் வீடே அலறும்.

பேட்டரியின் ஆயுளை நீட்டவும் வழி வைத்திருக்கிறார். சோதனை முடிந்ததும் நான்கையும் துடைத்து, தோல் துண்டில் சுற்றி, ஃபிரிட்ஜில் முட்டைக் குழிகளில் வைப்பார். திங்கள்கிழமைதான் மறுபடி டியூட்டி. "மனுசனுக்கு வீக்லி ஆஃப் இருக்குதில்ல? அதுக்கும் ரெஸ்ட் வோணும்." ஞாயிற்றுக்கிழமைகளில் குழாய்களும் ஓய்வுநாளை அனுசரிக்கும் என்பது நம்பிக்கை. இதுவரை அனுசரித்திருக்கின்றன.

"பொண்டாட்டிக்கு ஒரு நாள் லீவு கெடையாது, பேட்டரிக்கு லீவாம்" என்பாள் மனைவி தேவகிருபை. மருத்துவமனையில் நர்ஸ்.

சென்ற ஞாயிறு நான்கும் சும்மா கிடந்தன. ஃபிரிட்ஜ் ஈரம் ஏறிவிட்டது என்று முடிவுகட்டி, மறுநாள் காலை ரஃபி அகமதின் எலக்ட்ரிக் கடைக்குப் போனார். புதிதாக ஒன்றைப் பிரித்து நாக்கில் வைத்தார். இன்னொன்று. இரண்டும் சும்மா கிடந்தன.

"இன்னா பாய், டூப்ளிகேட் மாலா?"

"தொழுவுற வாயால சொல்றேன் மேஸ்திரி, இப்பதான் உடைச்ச பெட்டி."

"அப்ப உன் நாக்குல வெச்சிப் பாரு."

ரஃபி வைத்தார். "யா அல்லா!" என்று துள்ளி, உதட்டைத் துடைத்துக்கொண்டார். "இதுவா டூப்ளிகேட்? உனக்கு இன்னாச்சு மேஸ்திரி?"

கிறிஸ்துராஜ் சிரித்தார். விலை பேசாமல் நான்கு வாங்கினார், ரஃபிக்கு அதுவே கவலையாகிவிட்டது. வழியெல்லாம் நாக்கைப் பல்லால் கடித்துப் பார்த்துக்கொண்டே நடந்தார். குழம்பில் உப்பு கம்மி என்று ஒரு மாதமாக மனைவியோடு போட்ட சண்டைகள் நினைவுக்கு வந்தன. அவள் வேலை பார்க்கும் புற்றுநோய் வார்டில் பாதித் தாடை போனவர்களுக்குக் கஞ்சியைக் குழாயில்தான் விடுவார்கள். அந்தக் கதைகளை அவள் சொல்லச் சொல்லத்தான் அவர் சோறு தின்பது வழக்கம்.

தொட்டிக்கு அடியில் குந்தி அலாரத்துக்குப் புதுசு போட்டுக்கொண்டிருந்தபோது, டியூட்டிக்குக் கிளம்பிய தேவகிருபை பழைய பேட்டரி ஒன்றை எடுத்தாள்.

"இதுக்கு இன்னா கேடு?"

"செத்துப்போச்சி."

அவர் செய்வதைப் பார்த்துப் பழகியவள்தானே, நாக்கில் வைத்தாள். வெடுக்கென்று தலையைப் பின்னால் இழுத்தாள். பிறகு யூனிஃபார்ம் பையிலிருந்து பேனா டார்ச்சை எடுத்துக்கொண்டு அவருக்கெதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, இப்டித் திரும்புங்க. ஆ காட்டுங்க."

"சூடா டீ குடிச்சேன். அதான் மரத்துப்போச்சி."

"எப்பலேர்ந்து?"

"இப்பதான்."

"ஆ காட்டுங்கன்றேன்."

டார்ச் வெளிச்சம் அவர் உதட்டுக்கு வந்து நின்றது. கிறிஸ்துராஜ் விரலை வாயில் விட்டு ஈரமாக்கி, அலாரத்தின் இரண்டு கம்பிகள்மேலும் வைத்தார். வீடு அலறியது. தேவகிருபையின் உதடுகள் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தன. அவர் விரலை எடுக்கவில்லை.