காத்து எந்தப் பக்கம், தம்பி?

வானிலை சொல்கிற வேலைக்குச் சம்பளம் கிடையாது. மழை பெய்தால் சாமிக்கு நன்றி, பெய்யாவிட்டால் நமக்குத் திட்டு. உங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பிலும் இப்படி ஒரு ஆள் இருப்பார். அந்த ஆள் நீங்களாகவே இருந்தால், நீங்களும் நம்ம கட்சிதான், வாருங்கள்.

எனக்கு அரிமளத்தில் ஜெராக்ஸ் கடை. சில வருஷங்களுக்கு முன் மாவட்டத்தையே புரட்டிப் போட்ட அந்தப் பெரும்புயலுக்குப் பிறகு, கரண்டு இல்லாமல் கிடந்த நாட்களில் 'முன்னாடியே தெரிஞ்சிருந்தா' என்று எல்லோரும் புலம்பினோம். மற்றவர்கள் புலம்பி முடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். நான் மாடல் பார்க்க உட்கார்ந்தேன். மாடல் என்றால் வேறொன்றுமில்லை. காற்றையும் கடல் சூட்டையும் வைத்து, வரும் நாட்களில் என்ன நடக்கும் என்று பெரிய கம்ப்யூட்டர்கள் போடும் கணக்கு. காலையில் அமெரிக்காக்காரன் கணக்கு வரும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஐரோப்பாக்காரன் கணக்கு வரும். ஒரே பெண்ணுக்கு வரன் பார்க்கும் இரண்டு தரகர்களைப் போல, ஒருவன் சொன்னதை இன்னொருவன் ஒத்துக்கொள்ளவே மாட்டான். நடுவில் நின்று ஊருக்குப் பதில் சொல்வது நம் தலையெழுத்து. போன கார்த்திகையில் அப்படிப் பதில் சொன்ன கதைதான் இது.

மழை மட்டும் போதும்

அந்தமானுக்குத் தெற்கே ஒரு தாழ்வு உருவாகி, புயலாக நம் கரைப் பக்கம் வரலாம் என்று ஐரோப்பாக்காரன் படம் போட்டான். அமெரிக்காக்காரன் அப்படி ஒன்றும் இல்லையே என்றான். 'வாய்ப்பு இருக்கிறது, பயப்பட வேண்டாம், அரசு அறிவிப்பைக் கவனியுங்கள்' என்று குரூப்பில் போட்டேன். நாம் எழுதுகிற மூன்றில் முதலாவதை மட்டும்தான் ஆட்கள் படிப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அன்றைக்கே வல்லத்திராக்கோட்டையிலிருந்து சின்னையா அண்ணன் கடைக்கு வந்துவிட்டார். அந்தப் பெரும்புயலில் அவருடைய தென்னை ஒன்றுகூட மிஞ்சவில்லை. புதிதாக வைத்த கன்றுகள் இப்போதுதான் ஆள் உயரம் வந்திருக்கின்றன. இன்னொரு பக்கம் கண்மாயில் தண்ணீர் இல்லை, நெல் வாட ஆரம்பித்துவிட்டது. புயல் வந்தால் தென்னை போகும், வராவிட்டால் நெல் போகும். ஃபோனில் சிவப்பும் பச்சையுமாகச் சுழன்ற படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, என்னிடம் சொன்னால் மேலே சொல்லிவிடுவேன் என்பது போலச் சொன்னார்: "காத்த அங்கிட்டே வச்சுக்கச் சொல்லுங்க தம்பி, மழைய மட்டும் இங்கிட்டு அனுப்பச் சொல்லுங்க."

நீல மிதவை

மீமிசலிலிருந்து ஒரு அக்கா ஃபோன் செய்தார். பெயர் முத்துராக்கு, மீன் வாங்கி விற்பவர். எல்லோரும் 'புயல் வருமா' என்று கேட்பார்கள். இவர் எடுத்த எடுப்பில் "காத்து எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார். ஐரோப்பாக்காரன் சொல்கிறபடி வந்தால் கடலிலிருந்து கரையைப் பார்த்து அடிக்கும், ஜாக்கிரதையாக இருங்கள் என்றேன். "கொண்டல் காத்தா? வரட்டும்" என்றார். குரலில் ஒரு ஆசை இருந்தது. புயலுக்கு ஆசைப்பட்டு இதுவரை யாரும் என்னிடம் பேசியதில்லை.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்காரர் நண்டு வலை எடுக்கத் தனியாகப் போயிருக்கிறார். கூடப் போகிறவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். திடீரென்று சூறைக்காற்று. ஆளும் வரவில்லை, படகும் வரவில்லை. எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டார்கள். போன வருஷம் ஒரு புயல் ஒதுங்கிப் போனபோது, அலை ஒரு வலை மிதவையைக் கரையில் கொண்டுவந்து போட்டதாம். நீலப் பெயிண்ட் அடித்த மிதவை. அந்தக் கரையில் நீலம் அடிப்பவர் அவர் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். கடல் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, இன்னொரு புயல் வந்தால் மிச்சத்தையும் கொடுக்கும் என்று நம்பி அக்கா காத்திருக்கிறார். படகின் ஒரு பலகை கிடைத்தால்கூடக் காரியம் செய்துவிடலாம், அதுவரை பொட்டு வைப்பதா அழிப்பதா என்றே தெரியவில்லை என்றார். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுகிற ஆள் இல்லை, சாதாரணமாகத்தான் பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஊரே வரக்கூடாதுன்னு கும்புடுறாக, நான் மட்டும் வரணும்னு கும்புடுறேன். சாமி யாரு பேச்சத் தம்பி கேக்கும்?"

எப்ப வெறிக்கும்?

புயல் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே அதன் முன்மழை மாவட்டத்தின் வடக்கே மட்டும் இரண்டு நாள் அடித்தது; சின்னையா அண்ணன் ஊரில் தூறலோடு சரி. ஆவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் கூப்பிட்டார். அவருடைய அப்பா தவறிவிட்டார். மாதா கோவிலில் பூசை முடித்துக் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும். வெட்ட வெட்டக் குழியில் தண்ணீர் ஊறுகிறது, மழை எப்போது விட்டு வெறிக்கும் என்று கேட்டார். ரேடார் படத்தைப் பார்த்து, மாலையில் கொஞ்ச நேரம் இடைவெளி கிடைக்கும், அதற்குள் முடித்துவிடுங்கள் என்றேன். சொன்னபடி வெறித்தது. நம் தொழிலில் இப்படி எப்போதாவதுதான் வாய்க்கும்.

குழி வெட்டி வைக்க ஒரு உடம்பு கையில் இருப்பதும் ஒரு கொடுப்பினை என்று எனக்கு அன்றைக்குத்தான் பட்டது. மீமிசல் அக்காவின் நினைப்பாகவே இருந்தது. மறுநாள் வாத்தியார் நன்றி சொல்லக் கூப்பிட்டார். ஃபோனை வைக்கும் முன் இதையும் சொன்னார்: "எங்கப்பாவுக்கு மழைன்னா உசுரு சார். கடைசியா ஒருதரம் நனையட்டும்னு விட்டுருக்கலாமோன்னு இப்பத் தோணுது."

வீட்டு அறிவிப்பு

அமெரிக்காக்காரனும் கடைசியில் வழிக்கு வந்தான். இரண்டு கணக்கும் மீமிசல் பக்கம் கோடு போட்டன. நானோ சோற்றில் கை வைத்தபடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவேண்டும் என்று நினைத்தால் சின்னையா அண்ணனின் தென்னங்கன்றுகள் கண்முன் வந்தன. வரக்கூடாது என்று நினைத்தால் நீல மிதவை வந்தது. என் மனைவி சாந்தி ரசத்தை ஊற்றிவிட்டுச் சொன்னாள்: "வந்தாலும் அழுவீங்க, வராட்டியும் அழுவீங்க. சோத்தத் தின்னுட்டு அழுங்க."

கைகூப்பும் படங்கள்

இரண்டு நாள் கழித்துப் புயல் கடலிலேயே நின்றது. அப்புறம் வடக்கே திரும்பியது. காலையில் ஒருவன் சென்னைப் பக்கம் என்றான், மதியம் மற்றவனும் ஆமாம் என்றான். 'நம்ம மாவட்டத்துக்கு ஆபத்து இல்லை' என்று குரூப்பில் போட்டேன். கைகூப்பும் படங்களாக வந்து குவிந்தன. 'நெல்லுக்கு என்ன பதில்?' என்று சின்னையா அண்ணன் மட்டும் கேட்டிருந்தார்.

முத்துராக்கு அக்காவுக்கு நானே ஃபோன் செய்தேன். குரூப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட மனசு வரவில்லை. அக்கா, வடக்கே போய்விட்டது, இனி காற்று மேற்கேயிருந்துதான், கரையிலிருந்து கடலுக்குப் போகும், எதுவும் ஒதுங்காது என்று சொல்லும்போது, என்னமோ நானே திருப்பிவிட்டது போல இருந்தது. அவர் கொஞ்சம் யோசித்தார். "கச்சான் காத்தா? அப்பக் கடல் உள்வாங்கும்ல தம்பி? அது கொண்டாந்து போடாட்டி என்ன, நான் நடந்து போயிப் பாத்துட்டு வாரேன்."

கடல் விலகிய காலை

மறுநாள் மனசு கேட்காமல் கடையைப் பூட்டிவிட்டு மீமிசலுக்குப் பஸ் ஏறினேன். அக்கா சொன்னபடியே கடல் உள்ளே போயிருந்தது. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு பெண் மட்டும் குனிந்து குனிந்து பார்த்தபடி போய்க்கொண்டிருந்தார். முகம் பார்த்ததில்லை என்றாலும், அவர்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் திரும்பிவிடுமோ என்று எனக்குத்தான் பயம். அக்கா, வந்துருங்க என்று கத்தினேன். காற்று அந்தப் பக்கம்தான் அடித்தது. கேட்டிருக்கும், ஆனால் திரும்பவில்லை.

வெயில் ஏறிய பிறகுதான் வந்தார். முழங்கால் வரை சேறு. கையில் ஒரு மிதவை. கிட்டே வந்ததும் பார்த்தேன், மஞ்சள் பெயிண்ட். நான் யார் என்று சொன்னதும் "நீங்கதானா தம்பி? டீ குடிச்சீங்களா?" என்று கேட்டார். பிறகு மிதவையைச் சேலைத் தலைப்பால் துடைத்து, அலை எட்டாத இடத்தில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி ஒரு கம்பத்தில் கட்டினார். அது உங்கள் வீட்டுக்காரருடையது இல்லையே அக்கா என்றேன். "தெரியும் தம்பி. எந்த ஊர்லயோ ஒருத்தி இதத் தேடிக்கிட்டு இருப்பால்ல?"

புயல் எங்கே போகும் என்று சண்டை போடும் அமெரிக்காக்காரனும் ஐரோப்பாக்காரனும், அது வந்தால் நல்லதா வராவிட்டால் நல்லதா என்ற கேள்வியை மட்டும் ஒற்றுமையாக என் தலையில் கட்டிவிட்டார்கள்.