நகரத்தை இடிக்கத் தெரியாத பல்லி

ஆள் ஆறடிக்கு மேல் உயரம். அதனால்தான் தயாரிப்பு நிர்வாகியாக இருந்த மைத்துனன் அவரைப் பிடித்துப் படத்தில் போட்டான். நகரத்தை அழிக்க வரும் ராட்சதப் பல்லி வேடம். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர்.

ரப்பர் உடுப்பு பதினெட்டுக் கிலோ. வேர்வை கணுக்கால் வரை இறங்கும். அரை மணிக்கொருதரம் தலையைக் கழற்றித் தண்ணீர் கொடுக்காவிட்டால் மயக்கம்தான். அதையெல்லாம் அவர் முகம் சுளிக்காமல் தாங்கினார். தான்தான் கதாநாயகன் என்று பழைய வார்டு முழுக்க வேறு சொல்லி வைத்திருந்தார்.

இடிக்கத்தான் வரவில்லை.

இடுப்பளவு உயரத்தில் அட்டையும் தக்கையுமாகக் கட்டிய நகரம். பல்லி வந்தது. வார்டுக் கட்டில்களுக்கு நடுவே போகிற மாதிரி உடம்பை ஒடுக்கி, வாலைக் கையில் ஏந்திக்கொண்டு, ஒரு விளக்குக் கம்பத்தில்கூடப் படாமல் கடைத்தெருவைக் கடந்தது. போகிற போக்கில், சாய்ந்திருந்த ஒரு மாடிவீட்டை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனது.

மூன்று ஒத்திகையும் இதே கதைதான்.

"சார், நீங்க ஊர அழிக்க வந்தீங்களா, கணக்கெடுக்க வந்தீங்களா?" என்றார் இயக்குநர். சாப்பாட்டுக்குப் பிறகும் சரிவராவிட்டால் ஸ்டண்ட் சண்டைக்காரர் ஒருவரை உடுப்புக்குள் இறக்கிவிடுவதாகவும் சொல்லிவிட்டார். பல்லிக்குச் சோறு இறங்கவில்லை. இனி எந்த முகத்தோடு வார்டுப் பக்கம் போவது?

"கால் தானா ஒதுங்குதுடி. நான் என்ன பண்ணட்டும்?" என்று, சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் முறையிட்டார்.

அவள் தம்பியைத் தனியே கூப்பிட்டாள். "உங்க மாமாவுக்கு வேலைன்னாத்தான்டா இந்தப் பவ்யம். வீட்ல வந்து பாரு. இடிச்சு இடிச்சே மூணு அலமாரிக் கதவு மாத்தியாச்சு." பிறகு, படம் பிடிக்கும்போது பேச்சுக்குரல் பதிவாகுமா என்று கேட்டாள். ஆகாது, உறுமலைப் பிறகுதான் சேர்ப்பார்கள் என்றான் அவன். போய் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

கேமரா ஓடியது. பல்லி வழக்கம்போல் வாலை அள்ளிக்கொண்டது.

"ஏங்க, என் மூக்குக் கண்ணாடிய எங்க வச்சீங்க?"

"நான் எங்கடி எடுத்தேன்?" சட்டென்று திரும்பியது பல்லி. கையிலிருந்து நழுவிய வால் இரண்டு வங்கிகளை வாரிக்கொண்டு போனது.

"அந்தப் பக்கம் பாருங்க."

"எந்தப் பக்கம்?" மணிக்கூண்டு போயிற்று.

"சொல்றது காதுல விழுதா இல்லையா?"

"வர்றேன், வர்றேன், உசுர வாங்காத." பாலத்தைத் தாண்டாமல் அதை மிதித்துக்கொண்டே வந்தது.

மூன்று நிமிடத்தில் ரயில் நிலையத்தின் ஒரு சுவர்தான் மிச்சம். தலையைக் கழற்றியதும் அவர் முதலில் பார்த்தது மனைவியை. கண்ணாடி அவள் மூக்கின் மேல் இருந்தது. அவள் அவர் கையில் தண்ணீரைக் கொடுத்து, மெதுவாகக் குடிக்கச் சொன்னாள்.

இயக்குநர் கைதட்டினார். சண்டைக்காரர் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

இன்னும் இரண்டு நகரங்கள் பாக்கி இருந்தன. கேமராவுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். இரண்டும் ஒழுங்காக அழிந்தன.