மூக்கக்காவும் இனிப்பு வாசனையும்

அந்த ஆலையில் எல்லாரும் அவளை மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடம். எங்கே ஒரு மூடி சரியாகத் திருகப்படவில்லை என்றாலும், கசிவைக் காட்டும் கருவி கத்துவதற்கு முன்னால் அவள் மோப்பம் பிடித்துக் கத்துவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்?

அங்கே தயாராவது புரோமோகுளோரோமீத்தேன். டைகுளோரோமீத்தேனோடு ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்து, ஊக்கியாக அலுமினியம் குளோரைடைப் போட்டால், இரண்டு குளோரினில் ஒன்று கழன்றுகொள்ளும். அந்த இடத்தில் புரோமின் வந்து உட்காரும். பார்க்கத் தண்ணீர் மாதிரி, தூக்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம். இனிப்பாக மணக்கும். ஆவியும் காற்றைவிடக் கனம். பள்ளம் கண்டால் போய்ப் படுத்துக்கொள்ளும், அங்கே நிற்பவனையும் படுக்கவைத்துவிடும்.

அன்று காலை பம்புப் பள்ளத்தில் இறங்கியிருந்தவன் அவள் தம்பி, அதே ஆலையில் ஃபிட்டர். ஒரு வால்வை இறுக்க வேண்டும், இரண்டு நிமிட வேலை என்று முகமூடி போடாமல், கயிறும் கட்டாமல் இறங்கிவிட்டான். மாதிரி எடுக்க வந்தவள் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். வாசலில் நுழைந்தபோது லேசாக அடித்த வாசனை இப்போது இல்லை.

"டேய், ஒழுகுதாடா?"

"அப்பவே நின்னுடுச்சுக்கா. இறங்கும்போது மூக்கைத் துளைச்சுது. இப்ப ஒண்ணுமே வரல." சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிக்க அதில் எதுவும் இல்லை. நாக்கு வேறு குழறியது.

வால்வின் அடியில் இன்னும் சொட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்கே தெரிந்தது. வாசனை போகவில்லை, மரத்துப்போனது அவன் மூக்கு. அவளுடையதும்தான்.

"உடனே மேல வாடா!"

"இரு, கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்." உட்கார்ந்தேவிட்டான்.

சுவரிலிருந்த அபாய மணியை அழுத்தினாள். ஆள் வர ஐந்து நிமிடமாவது ஆகும். தான் இறங்கினால் இரண்டு பிணம் என்று அவளுக்குத் தெரியும். அவன் தலை மார்பில் தொங்க ஆரம்பித்தது. முப்பது வருடமாக வீட்டில் யாரும் வாயில் எடுக்காத ஒரு பட்டப்பெயர் அப்போது நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னால் சின்ன வயதில் சோற்றைப் போட்டுவிட்டு அடிக்க ஓடிவருவான்.

"டேய், ஈரப்பாய்!"

தலை நிமிர்ந்தது. "என்ன சொன்ன?"

"ஈரப்பாய்! பத்து வயசு வரைக்கும் பாயை நனைச்சவன்! ஆலை பூரா சொல்லட்டுமா?" அழுதுகொண்டே கத்தினாள்.

ஏணியைப் பிடித்துவிட்டான். கால் இரண்டு முறை வழுக்கியது. அவளைத் திட்டிக்கொண்டே ஏறினான். கைக்கு எட்டியதும் காலரைப் பிடித்து இழுத்து, தரதரவென்று வெளியே கொண்டுபோய்த் தரையில் போட்டாள். மணி கேட்டு ஓடிவந்தவர்களில் இருவர் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

தம்பி வாந்தி எடுத்தான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே கதவுப் பக்கம் திரும்பினாள். குப்பென்று முகத்தில் அடித்தது அந்த இனிப்பு. அவ்வளவு நேரமும் அதற்குள்தான் நின்றிருக்கிறாள்.

"எல்லார் காதுலயும் விழுந்திருக்கும். ஏன்க்கா அப்படிக் கூப்பிட்ட?"

"இனிமே கூப்பிட மாட்டேன்டா," என்றாள். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "நீங்களும் யாரும் என்னை மூக்கக்கான்னு கூப்பிடாதீங்க."