பிரேக் அக்கா வாங்கிய கம்ப்யூட்டர்

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பிரேக் அக்கா. எதிரே லாரி வந்தால் கற்றுக்கொள்கிறவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள் என்று அவள் ஒருநாளும் நம்பியதில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேலேயே காலை வைத்திருப்பாள். "கியர் மாத்திட்டேன்க்கா" என்று சொன்னால், குனிந்து பார்த்த பிறகுதான் தலையாட்டுவாள்.

இது பிறவிக் குணமில்லை. பழைய ஸ்கூட்டர் புரோக்கரைக் கட்டிக்கொண்டதால் வந்தது. "ஒரே ஓனர் சார், வாத்தியார் ஓட்டினது, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பாரு" என்று கணவர் போனில் சத்தியம் செய்வதைக் கேட்டுக் கேட்டு, விற்கிறவன் வாயில் உண்மை தங்காது என்று முடிவு கட்டியிருந்தாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஓர் ஆசை வந்தது. கணவரின் தம்பி மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அங்கே இருந்த கம்ப்யூட்டரில் ஒருநாள் கார் ரேஸ் விளையாடிப் பார்த்தாள். வருஷக்கணக்கில் நத்தை வேகத்தில் போய்ப் பழகியவளுக்கு, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் பறப்பது புது ருசியாக இருந்தது. தனக்கென்று அப்படி ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கணவரிடம் மட்டும் மூச்சு விடவில்லை. சொன்னால் சிரிப்பார். சிரித்ததோடு விடாமல் தெரு முழுக்கச் சொல்லியும் வைப்பார்.

"அண்ணி, பட்ஜெட்ல பாதி கிராபிக்ஸ் கார்டுக்குப் போகணும். படத்தை வரையறது அதுதான்" என்றான் கொழுந்தன். "பவர் சப்ளையில மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. அது மட்டமா இருந்தா எல்லாத்தையும் சேர்த்துக் கொளுத்திடும். எனக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு."

'தெரிஞ்ச கடை' என்றதும் அவள் புருவம் ஏறியது. "உனக்கு எவ்வளவு தருவான்?"

"சேச்சே, என்ன அண்ணி நீங்க!"

மறுநாள் தனியாகவே அந்தக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் காட்டினார். உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஓடின.

"இதுல எல்லா கேமும் பறக்கும் மேடம்."

"பவர் சப்ளை என்ன கம்பெனி?"

"நல்ல கம்பெனிதான்."

"நல்ல கம்பெனின்னா பேர் இருக்குமே?"

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேர் கிடைக்கவில்லை. "மேடம், நீங்க வருவீங்கன்னு உங்க கொழுந்தன் போன் பண்ணியிருந்தாரு. அவருக்குத் தனியா..." என்று ஆரம்பித்து, மீதியை விழுங்கினார்.

விழுங்கியதே அவளுக்குப் போதுமாக இருந்தது. நேரே கொழுந்தனின் கடைக்குப் போய் நின்றாள். அவன் கொஞ்சம் மழுப்பினான், பிறகு, "ஆமா அண்ணி, கமிஷன் உண்டு. ஆனா நான் சொன்னது அந்த விளக்குப் பெட்டி இல்ல. நான் சொன்ன சாமான் எல்லாம் நல்ல சாமான்" என்றான்.

"அப்ப அதையே உன் கமிஷனைக் கழிச்சுட்டு வாங்கிக் குடு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் வாங்கிக் கொடுத்தான். கிராபிக்ஸ் கார்டு மட்டும் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பழையதுதான் கதி. விளம்பரத்தில் ஒருவனைப் பிடித்து, கார்டுக்காரன் என்று போனில் பதிந்துகொண்டு, மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினாள்.

"நேர்ல பார்க்காம எப்படி? சனிக்கிழமை மதியம் உங்க வீட்டுக்கே வரேன். ரொம்ப நேரம் ஓட விட்டுப் பார்க்கணும், எவ்வளவு சூடாகுதுன்னு தெரியணும். எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

துணி எடுக்க வந்த கணவர் படிக்கட்டில் அப்படியே நின்றுவிட்டார். கீழே வந்தவளிடம், "சனிக்கிழமை மதியம் கிளாஸ் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்குங்க."

சனிக்கிழமை மதியம் அவளுக்கு லீவு என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கு, விற்பனைக்கு வந்திருந்த ஸ்கூட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார்.

கார்டுக்காரன் ஒட்டடைக் குச்சி மாதிரி நெட்டையாக இருந்த கல்லூரிப் பையன். அவனுடைய அம்மா கையைக் கட்டிக்கொண்டு அறை வாசலில் நின்று, வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கடையில கிடைக்காததா எங்க வீட்டுல இருக்கு?" என்றாள் அந்த அம்மா.

அதைக் காதில் வாங்காமல், "ஏன் விக்கற?" என்று பையனைக் கேட்டாள் பிரேக் அக்கா.

"பரீட்சை வருதுக்கா."

"பரீட்சைன்னா கார்டை விக்கணுமா? சுவிட்சை அணைச்சா போதாதா?"

பையன் தலையைச் சொறிந்தான். "அணைக்க முடியலக்கா. அதான் விக்கறேன்."

இந்தப் பதிலில் அவளால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரேஸை ஆரம்பித்தாள். ஆட்டம் சூடுபிடித்தபோது காலிங் பெல் அடித்தது. அவளுக்குக் கேட்கவில்லை. கதவைத் திறந்த அம்மாவைத் தாண்டி, ஹெல்மெட்டோடு உள்ளே வந்த கணவர் கண்டது இதுதான்: வளைவுக்கு வளைவு உடம்பைச் சாய்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, திரையில் சிவப்புக் காரை விரட்டும் மனைவி.

ஆட்டம் முடிந்து திரும்பியவள் திடுக்கிட்டாள். "ஏங்க! என் பின்னாடியே வந்தீங்களா?"

"நீ கிளாஸ்னு சொன்ன. இதையா ஒளிச்ச?"

"கேம் ஆட கார்டு வாங்க வந்தேன். சொன்னா சிரிப்பீங்க."

அவர் சிரிக்கவில்லை. வழியெல்லாம் என்னென்னவோ நினைத்துக்கொண்டு வந்தது முகத்தில் அசடாக வழிந்தது. அதை மறைக்கத் தெரிந்த ஒரே வேலையில் இறங்கினார். "தம்பி, அதைக் கழட்டு."

கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஸ்க்ரூ ஏன் தேஞ்சிருக்கு? தொறந்திருக்க."

"ஒரு ஃபேன் சத்தம் போட்டுச்சு அங்கிள். மாத்தினேன்."

"அதை ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

பிரேக் அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் தினமும் போனில் சொல்லும் அதே பதில். பையனின் அம்மாவுக்குத்தான் முகம் சிறுத்துப்போனது. "எடுத்துட்டுப் போங்க. ஒரு மாசத்துல ஏதாவது ஆச்சுன்னா என்கிட்ட கொண்டாங்க. இவனுக்கு நான் பொறுப்பு" என்றாள்.

தெருவுக்கு வந்ததும் கணவர் மெல்லச் சொன்னார். "நான் வேற என்னமோ நினைச்சுட்டேன்."

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"நீ சொல்லியிருக்கலாம்."

கார்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் கொழுந்தன் எல்லாவற்றையும் பெட்டிக்குள் பொருத்தி சுவிட்சைப் போட்டான். ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே நின்றது. அவள் கொழுந்தனை முறைத்தாள். கொழுந்தன், அங்கே இல்லாத கார்டுக்காரப் பையனைத் திட்டினான். "ஏமாந்துட்டோம்" என்று கணவர் அந்த அம்மாவுக்கு போன் போடப் போனார். பெட்டிக்குப் பின்னால் குனிந்த கொழுந்தன், தான் தப்பான ஓட்டையில் மாட்டியிருந்த திரையின் கேபிளைச் சத்தமில்லாமல் பிடுங்கி, கார்டில் இருந்த ஓட்டையில் சொருகினான். படம் வந்தது. போனைக் கீழே வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினான்.

இன்டர்நெட்டில் அவள் ஓட்டிய முதல் ரேஸில் ஒன்பதாவதாக வந்தாள்.

"முன்னாடி போனதெல்லாம் ஆளுங்களா, கம்ப்யூட்டரா?"

"எல்லாம் ஆளுங்கதான் அண்ணி."

"அந்த நீலக் காரு வளைவுல வேகத்தைக் குறைக்கவே இல்ல. ஏதோ திருட்டு வேலை பண்றான்."

கணவர் ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "எவன் அவன்? பேரு என்ன போட்டிருக்கு, பாரு."