அளாப்பி என்று மட்டும் சொல்லாதை

சீட்டுத் தாளைக் கலைத்துக்கொண்டே ஊரிலுள்ள ஏமாற்றுக்காரரை எல்லாம் வகை பிரித்து வைப்பார் அடைக்கலநாதன். குருநகர்க் கரையில் வலை காயும் இடம், நிழலுக்கு ஒரு படங்கு, கீழே பாய், சுற்றிவர நான்கு பேர். மீன் விற்று முடிந்ததோ இல்லையோ, முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் தொடங்கிவிடும்.

"பிடிக்காத சுறாவைப் பிடிச்சனெண்டு சொல்லுறவன் புளுகன். அவனாலை ஒருத்தருக்கும் நட்டமில்லை. திமிங்கிலம் ஒதுங்கியிருக்கெண்டு சனத்தைக் கரைக்கு ஓடவைக்கிறவன் பேய்க்காட்டுறவன். நேற்றையான் மீனை அடியிலை வைச்சு இண்டையானை மேலை பரப்புறவன் சுத்துமாத்துக்காரன். விளையாட்டிலை கள்ளம் விடுறவன் இருக்கிறானே, அவன் அளாப்பி. உவங்கள் எல்லாரிலும் கேவலம் அவன்தான்."

முதல் இரண்டும் தாமே என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவார். பங்குத்தந்தையையே திமிங்கிலம் பார்க்க வெயிலில் ஓடவைத்தவர் அல்லவா. மூன்றாவதைப் பற்றிக் கேட்டால் இருமுவார்.

போன கிழமை எதிர்ப்பக்கத்து றொகான் தாளைக் கீழே வைத்துவிட்டான். கையில் நல்ல தாள் வந்தால் அண்ணை காதைச் சொறிகிறார், உடனே அவருடைய கூட்டாளி சுரேஸ் ஏலத்தைத் துணிந்து கூட்டிக் கேட்கிறான் என்றான். அளாப்பினவனுக்குக் கோயில் பெருநாள் முடியும்வரை பாயில் இடமில்லை. அது அந்தக் கரையின் சட்டம். அடைக்கலநாதனுக்குச் சோறு இறங்கவில்லை.

"புளுகன் எண்டு சொல்லு, ஓம் எண்டுறன். அளாப்பி எண்டு மட்டும் சொல்லாதை தம்பி. எனக்குக் காதிலை கடி."

மனைவி யசிந்தாதான் வழி கண்டாள். புருசன் மேல் நம்பிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். "பெருநாள் முடியுமட்டும் உந்த மனிசன் வீட்டிலை குந்தியிருந்தா தண்டனை எனக்கெல்லோ" என்றாள். வெறும் அரிசிப்பை ஒன்றில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, அவர் தலையில் தோள்வரை கவிழ்த்துவிட்டாள். இனிக் காதுமில்லை, சொறிச்சலுமில்லை.

ஆட்டம் நடந்தது. பைக்குள் வியர்த்துக் கொட்டியது. ஈ ஒன்று உள்ளே புகுந்து ரீங்காரம் போட்டது வெளியே எல்லோருக்கும் கேட்டது. மனிதர் அசையவில்லை. றொகானுக்கே மனம் இளகிவிட்டது. பிழையாக விளங்கிவிட்டேன், மன்னியுங்கோ அண்ணை என்றான். பைக்குள்ளிருந்து பெருந்தன்மையாக ஓர் உறுமல் வந்தது.

அடுத்த கைக்குத் தாள் போட்டார்கள். அடைக்கலநாதன் தம்முடையதை விரித்துப் பார்த்தார். பாயின் ஓரத்தில், உடுத்திருந்த சாரத்துக்கு வெளியே, அவருடைய வலக்காற் பெருவிரல் மெல்ல நிமிர்ந்து, சுரேஸைப் பார்த்து ஒருமுறை தலையாட்டியது.